பல்லுக்கு எந்தச் சிமெண்டு?

அரியலூர் என்றதும் நம் நினைவுக்கு வருவது சிமெண்டு. சுண்ணாம்புப் பாறையை வெட்டி, சுட்டு, அரைத்து, மூட்டை மூட்டையாக ஊர் ஊருக்கு அனுப்பும் பகுதி அது. அங்கே வீடு கட்டும் கொத்தனாரின் வேலையைச் சற்று நின்று பாருங்கள். செங்கல்லை அடுக்குமுன் தண்ணீரில் நனைக்கிறார். வழவழப்பான கான்கிரீட்டுத் தூணில் பூசுமுன் அதைக் கொத்திச் சொரசொரப்பாக்குகிறார். இவ்விரண்டு பாடங்களையும் பல் மருத்துவர்கள் கற்றுக்கொள்ள ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பிடித்தன என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

சொத்தைப் பல்லை அடைக்க நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பயன்பட்டு வந்தது ரசக்கலவை. பாதரசத்தில் வெள்ளி, வெள்ளீயம் முதலியவற்றின் தூளைக் குழைத்துச் செய்வது. அது பல்லோடு ஒட்டுவதே இல்லை! வாய் குறுகி வயிறு அகன்ற பானையைப் போலப் பல்லைக் குடைந்து, அதற்குள் அடைத்து நிறுத்துவார்கள். சொத்தை சிறியதாயினும் குழியைப் பெரிதாக்க வேண்டும். நல்ல பல்லும் சேர்ந்து போகும். மேலும், பாதரசம் நச்சுப் பொருள். அதன் பயன்பாட்டைக் குறைக்க ஏற்பட்ட மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-இல் உறுதி செய்தது. 2025 நவம்பரில் ஜெனீவாவில் கூடிய உறுப்பு நாடுகள், பல் அடைப்பில் ரசக்கலவையை 2034-க்குள் கைவிடுவதென முடிவு செய்துள்ளன. ஆகவே இனிப் பல்லில் அடைப்பது எதுவானாலும் அது ஒட்டி நிற்க வேண்டும். ஒட்டும் பசையைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டிய காரணம் இதுதான்.

1955-இல் அமெரிக்காவில் ரோசெஸ்டர் நகரில் மைக்கேல் புவோனோகோர் என்னும் பல் மருத்துவர், உலோகத் தகட்டில் வண்ணம் நன்கு பிடிக்கப் பாஸ்பாரிக் அமிலம் பூசுவதைக் கண்டு, அதையே பல்லின் எனாமலில் பூசிப் பார்த்தார். எனாமலின் எடையில் சுமார் 96 விழுக்காடு தாது உப்பு. அமிலம் பட்டதும் நுண்ணிய பள்ளங்கள் விழுந்தன. அவற்றில் பிசின் இறங்கி இறுகிப் பிடித்தது. கொத்தனாரின் கொத்துவேலை இதுதானே!

எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டினிடம் இந்த வித்தை எளிதில் பலிக்கவில்லை. டென்டினில் தாது உப்பு சுமார் 70 விழுக்காடே. மீதி கொலாஜன் என்னும் புரத நார்களும் நீரும். ஒரு சதுர மில்லிமீட்டரில் 20,000-க்கும் மேற்பட்ட நுண்குழல்கள் அதன் வழியே பற்கூழ் வரை செல்கின்றன. அவற்றில் திரவம் இருக்கிறது. ஈரமான, உயிருள்ள சுவரில் நீரை வெறுக்கும் பிசினை எப்படி ஒட்டுவது?

விடை ஜப்பானிலிருந்து வந்தது. 1979-இல் ஃபுசயாமா டென்டினுக்கும் அமிலம் பூசத் துணிந்தார். 1982-இல் நகபயாஷி, அமிலத்தால் வெளிப்பட்ட கொலாஜன் நார்களுக்கிடையே பிசின் புகுந்து ஒரு கலப்பு அடுக்கு உண்டாவதைக் காட்டினார். இதற்கு உதவியவை இருமுகம் கொண்ட மூலக்கூறுகள். ஒரு முனை நீரோடு உறவாடும், மறுமுனை பிசினோடு கைகோக்கும். 'ஹெமா' அவற்றுள் ஒன்று. பின்னர் 1990-களின் தொடக்கத்தில் இன்னொரு உண்மை புலப்பட்டது. அமிலத்தைக் கழுவியபின் பல்லை முற்றிலும் உலர்த்தினால் நார்கள் துவண்டு படிந்துவிடுகின்றன. சற்றே ஈரம் இருந்தால்தான் பிசின் உள்ளே நுழைகிறது. செங்கல்லை நனைப்பதற்கான காரணம் வேறுதான். ஆயினும் கொத்தனார் சிரித்திருப்பார்!

இனி என் கருத்துக்கு வருகிறேன். ஒரு பசை எத்தனை மெகாபாஸ்கல் இழுவையைத் தாங்கும் என்று விளம்பரங்களில் எழுதுகிறார்கள். பெரும்பாலும் அது ஒட்டி ஒரு நாள் ஆனபின் எடுத்த அளவு. பல்லோ ஆண்டுக் கணக்கில் எச்சிலில் ஊறுகிறது, சூட்டையும் குளிரையும் மாறி மாறிக் காண்கிறது, நாள்தோறும் மெல்லுகிறது. நீரோடு உறவாடும் மூலக்கூறு நீரை உள்ளே இழுக்கவும் செய்யும். பிசின் எட்டாமல் விட்ட கொலாஜன் நார்களை டென்டினிலேயே இருக்கும் நொதிகள் மெல்ல மெல்லச் சிதைக்கின்றன. முதல் நாள் வலிமையைப் பார்த்துப் பசையை மதிப்பது, முதல் மாதத் தேர்வை மட்டும் பார்த்து மாணவனை மதிப்பது போன்றது.

அரியலூரை அடுத்த பெரம்பலூர் மாவட்டத்துக் காரைப் பகுதியில் சுறா மீன்களின் பற்கள் புதைபடிவங்களாகக் கிடைக்கின்றன. ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. புரதம் அழிந்து தாது மட்டும் எஞ்சிய பற்கள் அவை. புதைபடிவம் பசைக்குச் சான்றாகாது என்பதை அறிவேன். ஆயினும் பல்லில் எது நிலைப்பது, எது சிதைவது என்பதை அவை கண்ணெதிரே காட்டுகின்றன. கொலாஜனை மட்டும் நம்பாமல் பல்லின் கால்சியத்தையும் பற்றும் பொருள்களுக்கே நாம் முதலிடம் தர வேண்டும் என்பேன்.

அத்தகைய பொருள்கள் இரண்டு உள்ளன. ஒன்று, ஜப்பானில் உருவான எம்.டி.பி. என்னும் மூலக்கூறு சேர்ந்த பசை. அதன் பாஸ்பேட் முனை கால்சியத்தோடு வேதிப் பிணைப்புக் கொள்கிறது. மற்றொன்று கண்ணாடி அயனோமர் சிமெண்டு. லண்டனில் வில்சனும் கென்டும் 1972-இல் வெளியிட்டது. கண்ணாடித் தூளும் ஓர் அமிலமும் சேர்ந்து இறுகும் இது, தனிப் பசை ஏதுமின்றித் தானே பல்லைப் பற்றுகிறது. புளோரைடையும் சிறிது சிறிதாக வெளிவிடுகிறது. தேய்மானம் அதிகம், எளிதில் உடையும் என்பவை அதன் குறைகள். அரியலூர்க்காரர்கள் மகிழலாம்: இதுவும் சிமெண்டுதான்!

பாதுகாப்பு பற்றி ஒரு சொல். பிசினில் பிஸ்பீனால்-ஏ இருக்குமோ என்று பலர் அஞ்சுகின்றனர். நோயாளியின் வாயில் சேர்வது மிகச் சிறிய அளவு, அதுவும் பெரும்பாலும் தொடக்க நேரத்தில்தான். உண்மையில் கவனம் தேவைப்படுவது இரண்டு இடங்களில். குழி ஆழமாயிருந்தால், இறுகாத மூலக்கூறுகள் நுண்குழல் வழியே பற்கூழை எட்டிப் பாதிக்கலாம். ஆகவே நீல ஒளியைப் போதிய நேரம் காட்ட வேண்டும். அடுத்தது மருத்துவரும் உதவியாளரும். ஹெமா மெல்லிய ரப்பர்க் கையுறையைச் சில நிமிடங்களிலேயே ஊடுருவும். நாளெல்லாம் அதைக் கையாள்பவர்களின் விரல்களில் தோல் வெடித்து ஒவ்வாமை வருகிறது. வந்தால் அது போவதில்லை. சிலர் தொழில்முறையையே மாற்றிக்கொள்ள நேர்ந்திருக்கிறது. நோயாளிக்காகக் கேட்கும் நாம் இவர்களுக்காகவும் கேட்க வேண்டாமா?

கடைசியாக நம் ஊர் வெயில். பல பசைகளில் அசிட்டோனோ ஆல்கஹாலோ கலந்திருக்கிறது. புட்டி திறந்திருந்தால் அது பறந்துவிடும். 25 டிகிரிக்கு மேல் வைக்கவேண்டாம் என்று பல புட்டிகளில் அச்சிட்டிருக்கும். அரியலூரில் மே மாதத்தில் 40 டிகிரி! பள்ளிக்கூட வராந்தாவில் மேசை போட்டு நடக்கும் பல் முகாமில் மின்சாரம், உறிஞ்சு குழாய், குளிர்பெட்டி மூன்றும் ஒன்றாய்க் கிடைப்பது அரிது. எச்சில் ஒரு துளி பட்டாலும் பிசினின் பிடிப்பு கெடும். அங்கே உயர்ந்த விலைப் பசையைப் பூசுவதைவிட, 1980-களில் தான்சானியாவின் கிராமங்களில் மின்சாரமே இன்றிக் கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டிச் சிமெண்டை விரலால் அழுத்தி அடைத்தார்களே, அந்த முறையே மேல். உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் கண்ணாடி அயனோமரைத் தன் இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தது. அடுத்த முறை உங்கள் பள்ளிக்குப் பல் மருத்துவர் வந்தால், எந்தச் சிமெண்டு, அது எத்தனை ஆண்டு நிற்கும் என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.