ஷேர் பண்ண ஃபோல்டர் திறக்கலையா? அதுக்காக பூட்டையே கழற்றிப் போடாதீங்க!

அரியலூர் மாவட்டம் ஏலாக்குறிச்சி மாதிரியான ஊர்களில்கூட இப்போது ஒரே வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர் இருப்பது ஆச்சரியமில்லை. அக்கா பிளஸ் டூ படித்தபோது கிடைத்த அரசு லேப்டாப் ஒன்று, தம்பி வேலைக்காக வாங்கிய புது லேப்டாப் இன்னொன்று. பட்டா நகல், சாதிச் சான்றிதழ், மாதா கோயில் தேர்பவனி போட்டோ எல்லாம் பழைய மெஷினில்தான் கிடக்கும். புதுசில் இருந்து பார்க்கலாம் என்று ஃபோல்டரை ஷேர் செய்தால், ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று வந்து நிற்கும். ஏன் இல்லை என்று மட்டும் விண்டோஸ் சொல்லவே சொல்லாது.

உடனே யூடியூபைத் திறப்போம். அங்கே அடிக்கடி கிடைக்கும் வைத்தியம் மூன்று: பாஸ்வேர்டு பாதுகாப்பை ஆஃப் பண்ணுங்க, ‘எவ்ரிஒன்’னுக்கு முழு அனுமதி கொடுங்க, எஸ்எம்பி 1-ஐ ஆன் பண்ணுங்க. மூன்றுமே வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

குறிப்பாக அந்தக் கடைசி விஷயம். எஸ்எம்பி என்பது விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் ஃபைல்களைப் பகிரப் பேசிக்கொள்ளும் மொழி. அதன் முதல் பதிப்பு 1980களின் சரக்கு. 2017 மே மாதம் உலகையே ஆட்டிவைத்த வானாக்ரை, அதில் இருந்த ஓட்டை வழியாகத்தான் மெஷின் மெஷினாகத் தாவியது. யாரும் எதையும் கிளிக் செய்யக்கூட வேண்டியிருக்கவில்லை. பிரிட்டனில் மருத்துவமனைகள் முடங்கின. இங்கே திருப்பதி தேவஸ்தானத்தின் சில கணினிகளும் சிக்கின. அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டில் இருந்து மைக்ரோசாஃப்ட் அந்தப் பதிப்பைக் கழற்றத் தொடங்கியது.

இதில் வேடிக்கை என்னன்னா, நம்ம அரசு லேப்டாப்புக்கு அது தேவையே இல்லை. திட்டம் தொடங்கியது 2011-ல். அப்போதைய விண்டோஸ் 7-க்கே எஸ்எம்பி 2 தெரியும். முதல் பதிப்பை மட்டுமே நம்பி இருப்பது விண்டோஸ் எக்ஸ்பியும் சில பழைய ஸ்கேனர், ஸ்டோரேஜ் பெட்டிகளும்தான்.

அப்போ சிக்கல் எங்கே? பெரும்பாலும் பாஸ்வேர்டில். ஃபோல்டர் இருக்கும் மெஷினின் யூசர் பெயரையும் பாஸ்வேர்டையும்தான் விண்டோஸ் கேட்கிறது. நாமோ நம் கையில் இருக்கும் மெஷினுடையதை அடிப்போம். இன்னும் சிலர் நான்கு இலக்க பின்னை அடிப்பார்கள். பின் அந்த ஒரு மெஷினில் நேரில் உட்கார்ந்து திறக்க மட்டும்தான், நெட்வொர்க்கில் செல்லாது. பழைய லேப்டாப்புக்குப் பாஸ்வேர்டே வைக்காத வீடுகளும் உண்டு. பாஸ்வேர்டு இல்லாத அக்கவுன்ட் வழியாக நெட்வொர்க்கில் யாரையும் உள்ளே விடுவதில்லை என்பது விண்டோஸின் வழக்கமான விதி. காரணம் தெரியாமல்தான் பூட்டையே கழற்றுகிறோம்.

சரி, என்ன செய்யலாம்? பழைய லேப்டாப்பில் ‘வீடு’ மாதிரி ஒரு தனி யூசரை உருவாக்கி, பாஸ்வேர்டு வையுங்க. பெயரை ஆங்கிலத்தில் வைத்தால் டைப் பண்ண வசதி. ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து, ஷேர் போய், அந்த யூசரை மட்டும் சேருங்க. புது மெஷினில் கேட்கும்போது பழைய மெஷினின் பெயர், ஒரு \ குறி, பிறகு யூசர் பெயர் என்று அடிக்கணும். முன்பு தப்பாக சேவ் ஆன பாஸ்வேர்டு ஏதாவது இருந்தால் ‘கிரெடென்ஷியல் மேனேஜர்’ போய் அழித்துவிடுங்க.

மெஷினே கண்ணில் படவில்லை என்றால் அது வேறு கதை. இரண்டும் ஒரே வைஃபையில் இருக்கிறதா, ஒன்று மொபைல் ஹாட்ஸ்பாட்டில் தொங்குகிறதா என்று பாருங்க. நெட்வொர்க் ‘பப்ளிக்’ என்று இருந்தால் ‘பிரைவேட்’ ஆக்குங்க (வீட்டு வைஃபைக்கு மட்டும், பஸ் ஸ்டாண்டு வைஃபைக்கு அல்ல). அப்படியும் வரலைன்னா பழைய மெஷினின் ஐபி எண்ணை \\192.168.1.5 என்பதுபோல ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் மேல் பட்டையில் நேரடியாக அடிச்சுப் பாருங்க.

மைக்ரோசாஃப்ட் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. வீட்டுக்கெல்லாம் ஒரே பாஸ்வேர்டு என்று எளிமையாக இருந்த ஹோம்குரூப்பை 2018-ல் தூக்கிவிட்டு, ஒன்டிரைவைக் கைகாட்டியது. ஒரே அறையில் இருக்கும் இரண்டு மெஷினுக்கு இடையே ஒரு போட்டோ போக, தினசரி டேட்டாவைத் தின்று எங்கோ இருக்கும் சர்வர் வரை போய்த் திரும்பணுமா?

இன்னொன்று. யூசரைச் சேர்க்கும்போது ‘ரீட்’, ‘ரீட்/ரைட்’ என்று கேட்கும். சான்றிதழ், பட்டா இருக்கும் ஃபோல்டருக்கு ‘ரீட்’ போதும். பார்க்கவும் காப்பி எடுக்கவும் அதுவே தாராளம். நாளைக்கே புது லேப்டாப்பில் ரான்சம்வேர் புகுந்தாலும், இந்த ஷேர் வழியாக அந்த ஃபைல்களை அது மாற்ற முடியாது.