அத்தியாயம் உண்டு, வழக்கு இல்லை

2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் தடையற்ற வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பிரிட்டனுக்குப் போகும் நம் சரக்கு வகைகளில் 99 விழுக்காட்டுக்கு வரி இருக்காது, திருப்பூருக்கு நல்ல காலம் என்றார்கள். என் மாணவி ஒருத்தியின் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். அவர் கேட்டார்: "வரி போச்சுன்னா கம்பெனிக்கு மிச்சம். எங்களுக்கு என்னங்க மேடம் மிச்சம்?"

பதில் தேடி ஒப்பந்தத்தைப் படித்தேன். பாலினச் சமத்துவத்துக்கென்றே அதில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. பெண் தொழிலாளர், பெண் தொழில்முனைவோர், ஒத்துழைப்பு, தகவல் பரிமாற்றம் என எல்லாம் நல்ல சொற்கள். ஆனால் அந்த அத்தியாயத்தின் பேரில் எழும் எந்தப் பிரச்சினையையும் தகராறு தீர்ப்பு முறைக்குக் கொண்டுபோக முடியாது. விஸ்கியின் கதை வேறு. 150 விழுக்காடாக இருந்த இறக்குமதி வரி உடனே 75 ஆகவும், பத்தாண்டில் 40 ஆகவும் குறைய வேண்டும். குறையாவிட்டால் வழக்கு உண்டு. பாட்டிலுக்கு இருக்கும் பாதுகாப்பு அதே ஒப்பந்தத்தில் பெண்ணுக்கு இல்லை.

இது தற்செயல் அல்ல. 2022 ஜனவரியிலிருந்து 2025 மே வரை மூடிய அறைக்குள் பேசினார்கள். முழு வாசகம் மக்கள் கைக்கு வந்தது கையெழுத்தான பிறகுதான். இங்கே நாடாளுமன்றம் வாக்களித்து ஏற்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தமிழில் நூல் என்றால் இழை, நூல் என்றால் எழுத்து. இழையை நூற்றவளிடம் எழுத்தை யாரும் காட்டவில்லை.

தொழிலாளர் உரிமையை வணிகத்தோடு கட்டினால் பணக்கார நாடுகள் அதைச் சாக்காக வைத்து நம் சரக்கைத் தடுக்கும் என்பார்கள். 1996 சிங்கப்பூர் மாநாட்டிலிருந்து இந்தியா சொல்லிவரும் வாதம் இது. அந்த அச்சத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மைக்குப் பின்னால் ஒளிந்துகொள்பவர்கள் யார்? கூலி உயர்வுக்கும் இரவு ஷிப்ட் பாதுகாப்புக்கும் பதில் சொல்ல விரும்பாதவர்களும் அங்கேதான் நிற்கிறார்கள்.

வேறு வழி இல்லையா? திண்டுக்கல்லைப் பாருங்கள். 2021 ஜனவரியில் இளம் தலித் தொழிலாளி ஒருவர் கொல்லப்பட்டார். கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் டி.டி.சி.யு. சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் பிறந்தது திண்டுக்கல் ஒப்பந்தம். எச் அண்ட் எம் போன்ற பிராண்டுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அது. பாலியல் வன்முறையைக் கண்காணிப்பவர்கள் தொழிலாளர்களே. உற்பத்தியாளர் மீறினால், பிராண்டு வணிகரீதியாக நடவடிக்கை எடுத்தாக வேண்டும். இதில் நாட்டின் மீது தடையில்லை. பொறுப்பு, லாபம் பார்ப்பவர் தலையில் விழுகிறது.

சுருக்கமாகச் சொன்னால், ராஜதந்திரிகள் மூன்றாண்டுக்கும் மேலாகப் பேசிச் சேர்க்காத ஒன்றை, தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த பெண்கள் எழுதி வாங்கினார்கள்.

ஆகவே பாலின அத்தியாயத்துக்கு நன்றி சொல்ல நான் தயாரில்லை. அடுத்த ஒப்பந்தத்துக்கான பேச்சில் அந்தச் சங்கத்துக்கு ஒரு நாற்காலி வேண்டும். பெண் அத்தியாயமும் விஸ்கியைப் போல வழக்குக்கு உட்பட வேண்டும். அதுவரை அந்த அம்மாவின் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் ஒன்றுதான்: உங்களுக்கு மிச்சம், நீங்கள் சங்கமாய்ச் சேர்ந்து வாங்குவது மட்டுமே.