கறை ஓரிடம், கசிவு வேறிடம்

தியானப் பகுதி: எசேக்கியேல் 13:10-16



நமது ஆலயத்திற்குச் சற்றுத் தொலைவில் ஓடும் கால்வாயில் நீண்டு ஒடுங்கிய படகுகள் கட்டப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். 18ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி போன்ற பொறியாளர்கள் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் அமைத்த கால்வாய்களில், படகுகளை ஏற்றி இறக்கும் லாக்குகள் ஏறத்தாழ 7 அடி அகலமே உள்ளவை. படகுகளும் அந்த அளவுக்குள் அடங்கவேண்டியதாயிற்று. அன்று நிலக்கரி சுமந்த படகின் வடிவத்திலேயே எஃகுத் தகட்டால் செய்யப்பட்ட படகுகள் இன்று பலருக்கு வீடாக இருக்கின்றன.

அத்தகைய படகில் வசிக்கும் ஆங்கிலேய நண்பர் ஒருவர், சென்ற இலையுதிர் காலத்தில் தமது படுக்கையருகே சுவர்ப்பலகையில் படர்ந்திருந்த ஈரக்கறையை எனக்குக் காட்டினார். அதற்கு நேர் மேலே இருந்த சாளரமே காரணம் என்று உடனே சொன்னேன். அவர் சிரித்தார். முன்பொருமுறை தாமும் அப்படியே எண்ணி, சாளரச் சட்டத்தைச் சுற்றிலும் வெளியே சிலிக்கோன் பூசியதாகவும், அடுத்த மழையில் கசிவு இன்னும் மிகுந்ததாகவும் சொன்னார். சட்டத்துக்குள் புகும் மழைநீர் வெளியேறுவதற்கென்றே அதன் அடியில் சிறு துளைகள் உண்டு. அவற்றையும் சேர்த்து அடைத்துவிட்டாராம்.

இம்முறை அவர் பொறுமையாக ஆராய்ந்தார். மழையில்லாத குளிர்நாளிலும் பலகை நனைகிறதா என்று முதலில் கவனித்தார். நனைந்தால் அது கசிவு அன்று. நம் மூச்சும் சமையலின் ஆவியும் குளிர்ந்த எஃகில் பட்டு நீராவதே அது. பலகை நனையவில்லை. பிறகு நான் வெளியே நின்று குழாயால் நீர் பாய்ச்ச, அவர் உள்ளே விளக்கோடும் உலர்ந்த காகிதத்தோடும் காத்திருந்தார். கீழிருந்து தொடங்கி, ஒவ்வோரிடமாக, மெல்ல மேலே செல்லச் சொன்னார். மேலிருந்து தொடங்கினால் வழியும் நீர் எல்லாவற்றையும் நனைத்துவிடும். எது குற்றவாளி என்று தெரியாது.

சாளரம் குற்றமற்றது. கூரையில், கறைக்கு ஆறடி முன்பாக இருந்த காளான் வடிவக் காற்றுக் குமிழின் ஒரு திருகாணி வழியே நீர் புகுந்து, கூரைத் தகட்டின் உட்புறமாக, மரப்பலகைக்குப் பின்னே ஓடி, படுக்கையருகே வெளிப்பட்டிருந்தது. நண்பர் அந்தக் குமிழைக் கழற்றி, பழைய பூச்சைச் சுரண்டி, துருவை நீக்கி, உலரவிட்டு, புதிய பசைநாடாவின்மேல் மீண்டும் பொருத்தினார். பழைய பூச்சின்மேல் புதிய பூச்சைத் தடவுவது வீண் என்றார்.

அன்பானவர்களே, எசேக்கியேல் கண்டித்ததும் இதையே அல்லவா? சமாதானம் இல்லாதிருந்தும் சமாதானம் என்று அறிவித்த தீர்க்கதரிசிகளை, உறுதியற்ற சுவருக்குத் தகுதியற்ற சாந்து பூசியவர்களுக்கு ஒப்பிட்டார். பூச்சின் பொய்யை வெளிப்படுத்தியது பெருமழை. மழை சுவரின் சத்துரு அன்று. அதன் உண்மையைச் சொல்லும் சாட்சி.

நமது சபைகள் பெரும்பாலும் கறைக்கே வைத்தியம் செய்கின்றன என்பது என் கருத்து. இதில் முதல் குற்றவாளி நானே. சில ஆண்டுகளுக்கு முன் வாலிபர் கூட்டத்திற்குத் தவறாமல் வந்த ஒரு தம்பி திடீரென்று வருவதை நிறுத்தினான். மூன்றுமுறை அவன் வீட்டுக்குச் சென்று, ஜெபக்குறைவைப் பற்றியும் தீய நட்பைப் பற்றியும் புத்தி சொன்னேன். பல மாதங்கள் கழித்து அவன் தாயார் கண்ணீரோடு உண்மையைச் சொன்னார். தேர்வில் தேறிய பிள்ளைகளின் பெயர்களை நான் பலிபீடத்தருகே நின்று வாசித்து, அவர்களை முன்னே அழைத்து ஸ்தோத்திரம் செலுத்தினேன். அவ்வாண்டு தேர்வெழுதியவர்களில் அழைக்கப்படாத ஒரே பெயர் அவனுடையது. கறை அவன்மேல் தெரிந்தது. கசிவோ என் பிரசங்க பீடத்தில் இருந்தது. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்த வழக்கத்தையும் நிறுத்தினேன்.

பெற்றோரே, பிள்ளையின் கோபத்தைத் திருத்துமுன், அது எந்தத் திருகாணி வழியே வீட்டுக்குள் வந்தது என்று பாருங்கள். பேசாத இரவுகளா? ஒப்பிட்டுப் பேசிய சொற்களா? அதே வேளையில், எல்லா ஈரமும் கசிவு அன்று என்பதையும் மறவாதிருங்கள். துக்கத்தில் இருப்பவரிடம் பாவத்தைத் தேடாதிருங்கள். மூடிய அறைக்குச் சிறிது காற்றும் வெப்பமும் போதும்.

தேடாமல் விடுவதும் ஆபத்தே. படகில் புகும் மழைநீர் தரைப்பலகைக்கு அடியில் தேங்கி, எஃகு அடித்தகட்டை உள்ளிருந்தே அரிக்கும். மேலே எல்லாம் உலர்ந்தே தோன்றும். அதனால்தான் அறிவுள்ள படகுக்காரர், பின்புறத் தரையில் ஒரு சிறு மூடியை வைத்து, அவ்வப்போது திறந்து பார்க்கிறார். கைகளின் சோர்வினால் வீடு ஒழுகும் என்று பிரசங்கியும் எச்சரித்திருக்கிறார்.

இந்த வாரம் அந்த மூடியைத் திறப்போமாக. பிறர்மேல் நாம் கண்ட ஒரு கறையை எண்ணி, அதன் ஊற்று நம்மிடத்தில் உண்டோ என்று கீழிருந்து மேலாக, நிதானமாகத் தேடுவோமாக.

ஜெபம்: எங்கள் உள்ளங்களை ஆராய்கிற கர்த்தாவே, பூசி மறைக்கும் அவசரத்திலிருந்து எங்களை விடுவியும். நீர் காட்டும் இடத்தைச் சுரண்டிச் சுத்திகரிக்க எங்களுக்குத் தைரியம் தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தரின் பணியில்,
உங்கள் போதகர்