கண்டெய்னர் மறக்கும், ரெஜிஸ்ட்ரி மறக்கக் கூடாது

டாக்கரில் ஒரே ஒரு கட்டளை. 4873 என்ற போர்ட்டில் வெர்டாச்சியோ எழுந்து நிற்கிறது. நிறுவனத்துக்கென்று சொந்தமாக ஒரு என்பிஎம் ரெஜிஸ்ட்ரி தயார். இந்த இதழின் வாசகர்களில் பலர் இதைச் செய்திருப்பீர்கள். செய்த கையோடு அடுத்த வேலைக்கும் போயிருப்பீர்கள். அந்தச் சில நிமிடங்களுக்குப் பின்னால் வரும் ஆண்டுகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கண்டெய்னர் தூக்கி எறிவதற்கென்றே ஆனது. அது கோளாறு செய்தால் நாம் உட்கார்ந்து சரிசெய்வதில்லை. அழித்துவிட்டு இமேஜிலிருந்து புதிதாக எழுப்புகிறோம். ரெஜிஸ்ட்ரியின் கடமையோ இதற்கு நேர் எதிரானது. 1.4.2 என்று ஒரு பதிப்பை வெளியிட்டுவிட்டால், ஐந்து ஆண்டு கழித்துக் கேட்டாலும் அந்தப் பெயருக்கும் எண்ணுக்கும் அதே பைட்டுகள் வந்து சேர வேண்டும். பதிப்பு எண் என்பது நாம் சக பொறியாளருக்குக் கொடுத்த வாக்கு. மறப்பதற்கென்று செய்த பாத்திரத்தில் மறக்கக் கூடாத ஒன்றை ஊற்றி வைக்கிறோம் என்ற உணர்வு, இதை நடத்துகிறவருக்கு முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும்.

அந்த வாக்கு பொய்த்தால் என்ன ஆகும் என்பதை 2016 மார்ச் 22 காட்டியது. ஒரு பெயர்த் தகராறில் மனம் கசந்த அஸர் கோச்சுலு, தன் 273 பேக்கேஜ்களையும் என்பிஎம்மிலிருந்து நீக்கினார். அவற்றில் ஒன்று லெஃப்ட்-பேட். பதினொரு வரி நிரல். அதைச் சார்ந்திருந்த பேபல் உள்ளிட்ட கருவிகள் நிறுவ முடியாமல் நின்றன. உலகம் முழுவதும் பில்டுகள் உடைந்தன. என்பிஎம் நிறுவனமே அந்தப் பேக்கேஜை மீட்டு வைக்க வேண்டியதாயிற்று. தம்மிடம் ஒரு நகல் வைத்திருந்த அணிகளுக்கு அன்றும் வேலை நடந்தது.

சினோபியா என்ற திட்டத்திலிருந்து கிளைத்து வெர்டாச்சியோ பிறந்ததும் அதே 2016இல்தான். இரண்டு பெயர்களும் இத்தாலியச் சுவரோவியக் கலையிலிருந்து வந்தவை. செம்மண் நிறத்தில் போடும் அடிக்கோட்டோவியம் சினோபியா. மேல் வண்ணத்துக்கு அடியில் பூசும் பசுஞ்சாம்பல் நிறப் பூச்சு வெர்டாச்சியோ. ஓவியம் முடிந்தபின் இரண்டும் கண்ணுக்குத் தெரியாது. ரெஜிஸ்ட்ரி நடத்துகிறவரின் உழைப்பும் அப்படித்தான்: நன்றாக நடக்கும் வரை அதை யாரும் பார்ப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நான் இருந்த ஓர் அணியில் அது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த நாள் ஒன்று வந்தது. வால்யூம் இணைக்காமல் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த ரெஜிஸ்ட்ரியை, இமேஜைப் புதுப்பிப்பதற்காக அழித்து எழுப்பினோம். உள்ளே இருந்த பேக்கேஜ்கள் அத்தனையும் போயின. மூலநிரல் கிட்டில் பத்திரமாக இருக்கிறதே என்று முதலில் ஆறுதல் கொண்டோம். ஆனால் டேக் போடாத பேக்கேஜ்களில் எந்தப் பதிப்பு எந்தக் கமிட்டிலிருந்து உருவானது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஊகித்து மறுபடி கட்டியவற்றை லாக் ஃபைலில் பதிந்திருந்த எஸ்எச்ஏ-512 ஹாஷ் ஏற்க மறுத்தது. கடைசியில் ஒவ்வொருவர் மடிக்கணினியிலும் இருந்த என்பிஎம் கேஷைத் துழாவி, பழைய டார் கோப்புகளைப் பொறுக்கிச் சேர்த்தோம். மூலநிரலும் வெளியிட்ட பதிப்பும் ஒன்றல்ல என்பதை அன்றைக்குக் கற்றேன்.

ஆகவே முதல் காரியம் சேமிப்பு. வெர்டாச்சியோ இமேஜுக்குள் ஸ்டோரேஜ், கான்ஃப், பிளகின்ஸ் என்று மூன்று கோப்புறைகள் உண்டு. ஸ்டோரேஜ் கண்டெய்னருக்கு வெளியே வால்யூமில் இருந்தே ஆக வேண்டும். ஹோஸ்டில் உள்ள கோப்புறையை இணைத்தால், அதன் உரிமையை 10001 என்ற பயனர் எண்ணுக்கு மாற்ற வேண்டும். உள்ளே ஓடும் புராசஸ் ரூட் இல்லை. எழுத அனுமதி இல்லை என்ற பிழை வந்ததும் 777 போட்டு வாயடைப்பவர்கள், பூட்டிக்கொண்ட கதவைத் திறப்பதற்காகச் சுவரையே இடிக்கிறார்கள். இன்னொன்று: டாக்கர் கம்போஸின் ‘டவுன்’ கட்டளையோடு ‘வி’ என்ற ஒற்றை எழுத்துச் சேர்ந்தால், பெயரிட்ட வால்யூமும் சேர்ந்து அழியும்.

பேக்கப் எடுப்பதிலும் ஒரு பொறி உண்டு. சொந்தப் பேக்கேஜ்களின் பட்டியலும் டோக்கன்களுக்குக் கையொப்பமிடும் ரகசியமும் ஒரு சிறு ஜேசன் கோப்பில் இருக்கின்றன. அதன் பெயர் புள்ளியில் தொடங்குகிறது. நட்சத்திரக் குறி போட்டு அது இருக்கும் கோப்புறையை நகலெடுக்கும் ஸ்கிரிப்ட் அதைத் தொடாமல் தாண்டிப் போகும். மீட்டெடுத்த நாளில் பேக்கேஜ்கள் இருக்கும், ஆனால் எவருடைய டோக்கனும் செல்லாது.

இரண்டாவது காரியம் வாசல். இயல்பான கான்ஃபிக்கில் யார் வேண்டுமானாலும் தமக்கென்று ஒரு கணக்கைத் திறந்துகொள்ளலாம். கணக்கு உள்ள எவரும் வெளியிடலாம். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்: அந்த நெட்வொர்க்கை எட்ட முடிந்த எவரும் உங்கள் பெயரில் நிரல் வெளியிடலாம். பயனர் உச்சவரம்பை மைனஸ் ஒன்று என்று வைத்தால் சுயபதிவு நிற்கும். வெளியிடும் உரிமையை சிஐ கணக்குக்கும் ஓரிருவருக்கும் மட்டும் கொடுங்கள்.

மூன்றாவது பெயர். அலெக்ஸ் பிர்சன் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், நிறுவனங்கள் உள்ளுக்குள் பயன்படுத்தும் பேக்கேஜ் பெயர்களைக் கண்டறிந்து, அதே பெயர்களில் பெரிய பதிப்பு எண்ணோடு பொது ரெஜிஸ்ட்ரிகளில் வெளியிட்டுப் பார்த்தார். ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், பேபால் உட்பட முப்பத்தைந்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் கணினிகளில் தம் நிரல் ஓடியதை 2021 பிப்ரவரியில் அவர் அறிவித்தார். சொந்த ரெஜிஸ்ட்ரி வைத்திருப்பது மட்டும் இதைத் தடுக்காது; உள்ளே இருப்பதையும் வெளியே இருப்பதையும் கலந்து காட்டும் ரெஜிஸ்ட்ரி இந்தத் தாக்குதலுக்குத் துணையே போகும். சொந்தப் பேக்கேஜ்கள் அத்தனைக்கும் ஸ்கோப் இருக்கட்டும். அந்த ஸ்கோப்பின் விதியில், வெளி ரெஜிஸ்ட்ரிக்குப் போகச் சொல்லும் பிராக்ஸி வரியே இருக்கக் கூடாது. விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்பட்டு முதலில் பொருந்துவதே எடுபடும் என்பதால், ஸ்கோப்பின் விதி பொதுவிதிக்கு மேலே நிற்க வேண்டும். பொது என்பிஎம்மிலும் அதே ஸ்கோப்பை உங்கள் பெயரில் பதிந்து வைத்துவிடுங்கள்.

நான்காவது முகவரி. ஐபி எண்ணையோ லோக்கல்ஹோஸ்ட்டையோ கொண்டு தொடங்கினால், அது ஒவ்வொரு லாக் ஃபைலிலும் பதிந்து கிட்டுக்குள் போய்விடும். பொது என்பிஎம் முகவரியாக இருந்தால், நாம் அமைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரிக்கு என்பிஎம் அதைத் தானே மாற்றிக்கொள்ளும்; மற்ற முகவரிகளை இயல்பாக அது தொடாது. சர்வர் இடம் மாறும் நாளில் அத்தனை புராஜெக்ட்டும் திண்டாடும். முதல் நாளே ஒரு டிஎன்எஸ் பெயர் வைத்து, அதையே பப்ளிக் யூஆர்எல் மாறியில் கொடுங்கள். முன்னால் என்ஜின்எக்ஸ் இருந்தால் அதன் ஒரு மெகாபைட் வரம்பையும் உயர்த்துங்கள். இல்லாவிட்டால் சற்றுப் பெரிய பேக்கேஜை வெளியிடும்போது 413 என்ற பிழை வரும், குற்றம் ரெஜிஸ்ட்ரி மேல் விழும்.

மறக்காத ரெஜிஸ்ட்ரிக்கு மறுபக்கமும் உண்டு. 2025 செப்டம்பர் 8 அன்று, ஃபிஷிங்கில் ஏமாந்த ஒரு பராமரிப்பாளரின் கணக்கு வழியாக சாக், டீபக் உள்ளிட்ட பேக்கேஜ்களில் நச்சு நிரல் ஏறியது. சில மணி நேரத்தில் அது அகற்றப்பட்டது. ஆனால் அந்த இடைவெளியில் உங்கள் பிராக்ஸி வழியாக ஒருவர் அதை இறக்கியிருந்தால், வெளியே அழிந்த நஞ்சு உங்கள் கேஷில் தங்கிவிடக்கூடும். அதே மாதம் பரவிய ஷை-ஹுலூட் புழு, பாதித்த கணினிகளில் டோக்கன்களைத் திருடி அவற்றைக் கொண்டே தன்னை மறுபடி மறுபடி வெளியிட்டது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள் கெட்டன. எனவே எச்சரிக்கை வரும்போதெல்லாம் சொந்த ஸ்டோரேஜைத் தேடிச் சுத்தம் செய்வது நம் வேலை. புதிதாக வந்த பதிப்பைச் சில நாள் நிறுத்திவைத்து எடுப்பதும் நல்ல வழக்கம், பிஎன்பிஎம் 10.16 முதல் அதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது.

இவை எதுவும் கடினமானவை இல்லை. கடினம், பெயர் சொல்லி ஒருவரைப் பொறுப்பாக்குவதுதான். பல அணிகளில் ரெஜிஸ்ட்ரி யாரோ ஒருவர் ஒரு வெள்ளிக்கிழமை எழுப்பி வைத்தது. அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார், அது மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

வாசகர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இந்த மாதம் ஒரு நாள் ஒதுக்குங்கள். வெற்று இயந்திரம் ஒன்றில் உங்கள் பேக்கப்பை மட்டும் வைத்து ரெஜிஸ்ட்ரியை எழுப்புங்கள். வெளி இணையத்தைத் துண்டியுங்கள். இன்னமும் வாடிக்கையாளரிடம் ஓடிக்கொண்டிருக்கும் ஆகப் பழைய புராஜெக்ட்டை எடுத்து, என்பிஎம் கேஷைத் துடைத்துவிட்டு அதன் லாக் ஃபைலின்படி நிறுவிப் பாருங்கள். எந்தப் பேக்கேஜில் தடுக்கி நின்றதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுத்த வாக்குகளில் எவற்றைக் காப்பாற்ற முடியும், எவற்றை முடியாது என்பது அந்தக் குறிப்பில் இருக்கும்.