லைவ் டீலர் பிளாக்ஜாக்: நல்லா கத்துக்கிட்டா ஜெயிக்கலாமா? கணக்கும் சட்டமும் சொல்வது என்ன?

"சீட்டு நிஜம். சீட்டு போடுற ஆளும் நிஜம். கேமரா முன்னாடிதான் எல்லாம் நடக்குது. இதுல எங்க ஏமாத்த முடியும்?" ஆன்லைன் கேசினோவில் பிளாக்ஜாக் பழகத் தொடங்குபவர்களை உள்ளே இழுப்பது இந்த நம்பிக்கைதான். கூடவே இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: "இது வெறும் அதிர்ஷ்டம் இல்ல, கத்துக்கிட்டா ஜெயிக்கலாம்."

இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. மிச்சப் பாதியில்தான் பணம் போகிறது. எப்படி? பார்க்கலாம்.

களியக்காவிளை வரை போக வேண்டாம்

எல்லை தாண்டிப் பணம் கட்டுவது கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. பக்கத்து மாநிலமான கேரளாவில் அரசே லாட்டரி நடத்துகிறது. சுசீந்திரத்தில் இருக்கும் ஒருவர் கேரள லாட்டரி வாங்க நினைத்தால் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் தாண்டி களியக்காவிளை எல்லைக்குப் போக வேண்டும். பஸ் ஏறணும், நேரம் ஒதுக்கணும், கையில் இருக்கும் காசுக்குத்தான் டிக்கெட். கேசினோ என்றால் இன்னும் தூரம். கோவா, சிக்கிம் போன்ற இடங்களுக்குத்தான் போகணும்.

அந்தத் தூரம் ஒரு பிரேக். மொபைல் அதைக் கழற்றிவிட்டது. லாட்வியாவின் ரிகா போன்ற வெளிநாட்டு நகரங்களில் இருக்கும் ஸ்டூடியோக்களிலிருந்து மேஜை, சீட்டு, டீலர் எல்லாம் நேரலையில் வருகிறது. இந்தியர்களைக் குறிவைத்து இந்தியில் பேசும் டீலர்கள் உள்ள மேஜைகளும் உண்டு. ராத்திரி 2 மணிக்கும் மேஜை திறந்திருக்கும். பாக்கெட்டில் இருப்பது மட்டுமல்ல, வங்கிக் கணக்கில் இருப்பது முழுவதும் ஒரு விரல் தூரத்தில்.

ஆட்டம் என்ன?

பிளாக்ஜாக்கில் மற்ற ஆட்டக்காரர்கள் எதிரி இல்லை. ஒவ்வொருவரும் டீலரோடு தனித்தனியாக ஆடுகிறார்கள். 2 முதல் 10 வரை சீட்டில் உள்ள எண்ணே மதிப்பு. ஜாக்கி, ராணி, ராஜாவுக்கு 10. ஏஸுக்கு 1 அல்லது 11. கையில் உள்ள கூட்டுத்தொகை 21-ஐத் தாண்டாமல், டீலரைவிட 21-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் 10 மதிப்புள்ள சீட்டும் வந்தால் அதுதான் 'பிளாக்ஜாக்'. ஒரு முழுக் கட்டில் இரண்டு சீட்டு வரக்கூடிய விதங்கள் 1,326. அதில் 64 மட்டுமே பிளாக்ஜாக். அதாவது சுமார் 21 கைக்கு ஒரு தடவை.

இன்னொரு சீட்டு வேண்டுமென்றால் 'ஹிட்'. போதும் என்றால் 'ஸ்டாண்ட்'. பந்தயத்தை இரட்டிப்பாக்குவது 'டபுள்'. ஜோடியைப் பிரித்து இரண்டு கையாக ஆடுவது 'ஸ்பிலிட்'. டீலருக்கு இந்த முடிவெல்லாம் கிடையாது. 16 வரை இருந்தால் சீட்டு எடுத்தே ஆகணும், 17 வந்தால் நிறுத்தணும்.

அப்போ கேசினோவுக்கு லாபம் எங்கிருந்து?

பலர் கவனிக்காத இடம் இது. சீட்டைக் குலுக்குவதிலோ டீலரின் கைவேலையிலோ கேசினோ எதுவும் செய்யத் தேவையில்லை. யார் முதலில் ஆடுவது என்ற ஒரே விதி போதும்.

ஆட்டக்காரர்தான் முதலில் சீட்டு எடுக்கிறார். 21-ஐத் தாண்டினால் அந்த நொடியே பணம் போய்விடும். அதற்குப் பிறகு டீலரும் 21-ஐத் தாண்டினாலும் பணம் திரும்பாது. டீலரின் விதிப்படி ஆடினால் சுமார் 28% கைகளில் 21-ஐத் தாண்டும். ஆட்டக்காரரும் அதே மாதிரி ஆடினால், இரண்டு பேரும் தாண்டும் கைகள் சுமார் 8%. அந்த 8 சதவீதமும் கேசினோவுக்கே. பிளாக்ஜாக் வந்தால் 100 ரூபாய்க்கு 150 ரூபாய் கிடைப்பதால் கொஞ்சம் ஈடாகும். அப்படியும் சுமார் 5.5% கேசினோ பக்கம் நிற்கும்.

டீலர் நிஜம், சீட்டு நிஜம் என்பதெல்லாம் சரி. ஆனால் நேர்மையாக நடக்கும் ஆட்டத்திலேயே கேசினோவுக்குத்தான் சாதகம்.

கத்துக்கிட்டா என்ன மாறும்?

எந்தக் கைக்கு என்ன செய்வது என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்லும் அட்டவணை உண்டு. 1956-ல் அமெரிக்க ராணுவத்தில் இருந்த நான்கு பேர் மேஜைக் கால்குலேட்டர்களை வைத்துக் கணக்கிட்டு வெளியிட்டதுதான் இதன் தொடக்கம். இன்று இணையத்தில் 'பேசிக் ஸ்ட்ராட்டஜி' என்ற பெயரில் இலவசமாகவே கிடைக்கிறது. இரண்டு ஏஸ் வந்தால் பிரி, 11 வந்தால் பெரும்பாலும் டபுள் செய், டீலரிடம் 10 இருக்கும்போது கையில் 16 இருந்தால் இன்னொரு சீட்டு எடு... இப்படிப் போகும்.

இதைத் தப்பில்லாமல் பின்பற்றினால், நல்ல விதிகள் உள்ள மேஜையில் கேசினோவின் சாதகம் சுமார் 0.5 சதவீதமாகக் குறையும். கற்பதன் பலன் இதுதான். கவனிக்க வேண்டியது, குறைகிறதே தவிர ஆட்டக்காரர் பக்கம் மாறவில்லை. டீலரின் 10-க்கு எதிராக 16-ல் சீட்டு எடுப்பதுதான் சரியான முடிவு. ஆனால் சரியாக முடிவெடுத்தும் பெரும்பாலும் தோற்கும் கை அது.

ஒரு கைக்கு 100 ரூபாய், மணிக்கு 60 கை, தினம் 3 மணி நேரம், 30 நாள் என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 5,400 கை. மேஜையில் சுற்றும் மொத்தப் பந்தயம் 5,40,000 ரூபாய். டீலரைப் பார்த்து அப்படியே ஆடுபவருக்குச் சராசரி நஷ்டம் 29,700 ரூபாய். அட்டவணையை மனப்பாடம் செய்தவருக்கு 2,700 ரூபாய். 90 மணி நேர உழைப்புக்குப் பிறகு கெட்டிக்காரருக்கும் கணக்கு மைனஸில்தான் முடிகிறது. இது சராசரி மட்டுமே. ஒரு மாதம் லாபம் வரலாம், அடுத்த மாதம் பல மடங்கு போகலாம். அந்த ஒரு லாப மாதம்தான் ஆளைப் பிடித்து வைக்கும்.

அந்த 0.5 சதவீதமும் எல்லா மேஜையிலும் கிடைக்காது. பிளாக்ஜாக்குக்கு 150-க்குப் பதில் 120 ரூபாய் கொடுக்கும் மேஜை என்றால் கேசினோவின் சாதகம் இன்னும் சுமார் 1.4% கூடும். டீலர் ஏஸ் காட்டும்போது கேட்கப்படும் 'இன்ஷூரன்ஸ்' இன்னொரு பொறி. அது நஷ்டமில்லாமல் இருக்க, டீலரின் மூடிய சீட்டு 3-ல் 1 முறை 10 மதிப்பாக இருக்க வேண்டும். நடப்பது சுமார் 31 சதவீதம்தான்.

'டபுள் பண்ணிக்கிட்டே போனா?'

"தோத்தா அடுத்த கைக்கு இரட்டிப்பா வை, ஒரு தடவை ஜெயிச்சா எல்லாம் திரும்ப வந்துடும்" என்பது பயிற்சி வீடியோக்களில் அடிக்கடி வரும் யோசனை. 100, 200, 400 என்று போனால் தொடர்ந்து 7 தோல்வியில் போயிருப்பது 12,700 ரூபாய். எட்டாவது கைக்கு 12,800 ரூபாய் வேண்டும். அதுவும் ஜெயித்தால் மிஞ்சுவது வெறும் 100 ரூபாய். தினம் 180 கை ஆடுபவருக்கு 7 தொடர் தோல்வி அபூர்வமே அல்ல, ஓரிரு நாளில் எதிர்பார்க்க வேண்டியதுதான்.

சீட்டை எண்ணி ஜெயிப்பது? அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் எட்வர்ட் தோர்ப் 1962-ல் வெளியிட்ட புத்தகத்தில் அந்த வழியைக் காட்டினார். கேசினோக்கள் அதைப் படித்துவிட்டு விதிகளை மாற்றிக்கொண்டன. லைவ் மேஜைகளில் பெரும்பாலும் 8 கட்டு, அதாவது 416 சீட்டு. பாதி போனதுமே கலைத்துவிடுவது வழக்கம். எண்ணிப் பிடிக்க அங்கே அதிகம் மிஞ்சாது.

இன்னொன்று: லைவ் மேஜையில் பொதுவாக இலவசப் பயிற்சி கிடையாது. வேடிக்கை பார்க்கலாம், ஆடணும் என்றால் காசு கட்டணும். கற்றுக்கொள்ளும்போது செய்யும் ஒவ்வொரு தப்புக்கும் சொந்தப் பணம்தான் ஃபீஸ்.

போனஸ் என்ற தூண்டில்

"5,000 ரூபாய் போனஸ்" என்று வரும் விளம்பரத்தின் கீழே பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை இருக்கும். பணத்தை எடுக்கும் முன் போனஸைப் போல 30 மடங்கு பந்தயம் வைக்கணும் என்றால், அது 1,50,000 ரூபாய். பிளாக்ஜாக் பந்தயத்தில் 10% மட்டும்தான் கணக்கில் சேரும் என்ற விதியும் பல தளங்களில் உண்டு. அப்போது 15,00,000 ரூபாய்க்கு ஆடணும். கெட்டிக்கார ஆட்டக்காரரின் 0.5% நஷ்டமே அதில் 7,500 ரூபாய். கிடைத்த போனஸைவிட அதிகம்.

சட்டம் என்ன சொல்லுது?

ரம்மி திறமை சார்ந்த ஆட்டம் என்று 1967-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சீட்டுகளை நினைவில் வைத்து, எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று முடிவெடுக்க வேண்டும் என்பது காரணம். "அப்போ பிளாக்ஜாக்கும் திறமைதானே?" என்று கேட்பவர்கள் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் ரம்மியில் எதிரே இருப்பது இன்னொரு ஆட்டக்காரர். இங்கே எதிரே இருப்பது விதியிலேயே சாதகம் வைத்திருக்கும் கேசினோ.

தமிழ்நாடு அரசு 2021-ல் கொண்டுவந்த தடையை அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பின்னர் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து 2022 அக்டோபரில் புதிய மசோதா நிறைவேறியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் சட்டப்பேரவை மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. 2023 நவம்பர் 9-ல் உயர் நீதிமன்றம் ரம்மி, போக்கர் இரண்டையும் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது. ஆனால் அதிர்ஷ்டம் சார்ந்த ஆட்டங்களுக்கான தடை செல்லும் என்றது.

இந்த மாநிலச் சட்டத்தில் நடத்துபவருக்கு மட்டுமல்ல, ஆடுபவருக்கும் தண்டனை உண்டு. 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அடுத்து மத்திய அரசின் சட்டம். 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்த இந்தச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே ஒதுக்கிவிட்டது. காசு கட்டி, காசு கிடைக்கும் என்று ஆடும் எந்த ஆன்லைன் ஆட்டமும் தடை. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு, 50 லட்சம் வரை. ஆடுபவரை இந்தச் சட்டம் தண்டிக்கவில்லை. இதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன.

ஜெயிச்ச பணம் கைக்கு வருமா?

வெளிநாட்டுத் தளம் பணத்தைத் தராவிட்டால் இங்கே யாரிடம் முறையிடுவது? குராசோ போன்ற தீவுகளில் வாங்கிய லைசென்ஸ் சுசீந்திரத்துக்காரருக்கு உதவாது. பல தளங்கள் ஒவ்வொரு முறையும் வேறு வேறு தனிநபர் யுபிஐ எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொல்லும். அவை மற்றவர்களிடம் வாடகைக்கு வாங்கிய வங்கிக் கணக்குகளாக இருக்கலாம். அந்தக் கணக்கு ஏதாவது மோசடிப் புகாரில் சிக்கினால், அதிலிருந்து பணம் வந்த உங்கள் கணக்கும் முடக்கப்பட வாய்ப்புண்டு. ஆதார், பான் நகல் யார் கையில் போகிறது என்பதும் தெரியாது.

ஏற்கெனவே மாட்டியிருந்தால்?

• பணம் மோசடியாகப் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும், நாகர்கோவிலில் உள்ள மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். பணப் பரிமாற்ற எண், ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காதீர்கள்.

• "எடுத்துத் தர்றோம், முதல்ல வரி கட்டுங்க" என்று யாராவது கேட்டால் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம்.

• விட்டதைப் பிடிக்கக் கடன் வாங்குவது, வீட்டில் மறைப்பது, தூக்கம் கெடுவது இதெல்லாம் அடிமையாவதன் அடையாளங்கள். 14416 (டெலி மானஸ்) அல்லது 104 எண்ணில் தமிழிலேயே பேசி மனநல ஆலோசனை பெறலாம். கட்டணம் இல்லை. உயிரை விடும் எண்ணம் வந்தாலும் இந்த எண்களை அழைக்கலாம்.

• வீட்டில் ஒருவர் சிக்கியிருந்தால் திட்டுவதற்கு முன் கடன் எவ்வளவு என்று கேளுங்கள். கடனை அடைக்கும் வழியை வீட்டில் பேசித் தீர்க்க முடிந்தால், அதற்காக அவர் மறுபடி மேஜைக்குப் போக வேண்டியிருக்காது.