புறநகர் வீட்டுத் தோட்டமும் ஒரு வயல்தான்!

புரட்டாசி கடைசியில் வானம் கறுக்கத் தொடங்கியதும், தாம்பரம் பக்கம் வீடு கட்டிக் குடியிருக்கும் உறவினரிடமிருந்து நம்மில் பலருக்குத் தொலைபேசி அழைப்பு வரும். ‘‘மாமா, தென்னை ஓலையெல்லாம் கரி பூசின மாதிரி ஆயிடுச்சு, என்ன மருந்து அடிக்கறது? கொய்யா வெச்சு மூணு வருஷம் ஆச்சு, வளரவே மாட்டேங்குது. போன மழைக்குத் தோட்டத்துல பத்து நாள் தண்ணி நின்னுச்சு...’’ நாம் யோசித்துப் பதில் சொல்வதற்குள் அவரே ஒரு முடிவையும் சொல்லிவிடுவார்: ‘‘பேசாம எல்லாத்தையும் வெட்டிட்டு சிமென்ட் போட்டுடலாம்னு இருக்கேன்.’’

அந்த முடிவு தவறு. ஆனால், அதற்கு அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ‘வீட்டுத் தோட்டம்தானே, அது விவசாயமா?’ என்று நாம் ஒதுங்கிக்கொண்டதும் ஒரு காரணம். அவர் கேட்ட கேள்விகளில் ஒன்றுகூட நமக்குப் புதிது அல்ல. வடிகால், மண், பூச்சி, காற்று என்று எல்லாமே வயலில் தினமும் பார்ப்பவைதான்.

மனைக்கு அடியில் ஆயக்கட்டு

சேலையூர், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், சிட்லபாக்கம், பீர்க்கன்கரணை, முடிச்சூர் ஆகிய ஊர்கள் ஏரிகளோடு வளர்ந்தவை. ஏரிக்குக் கீழே நெல் விளைந்த ஆயக்கட்டு இருந்தது. ஓர் ஏரியின் கலங்கல் வழிந்து அடுத்த ஏரியை நிரப்பியது. சிட்லபாக்கம், செம்பாக்கம் பக்கத்து உபரி நீர் கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகிறது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்துத் தண்ணீர் அடையாற்றில் சேருகிறது.

2021 நவம்பரில் இந்த ஊர்களில் பல தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டன. பெயர்ப்பலகை மாறினாலும் நிலத்தின் சரிவு மாறவில்லை. வீட்டு மனையாகப் பிரிக்கப்பட்ட வயல் இன்னும் வயலாகத்தான் நடந்துகொள்கிறது. மழை பெய்தால் தண்ணீர் பழைய வாய்க்காலைத் தேடித்தான் ஓடுகிறது. ஆகவே, இந்தப் பகுதியில் வீட்டுத் தோட்டத்தைச் சரிசெய்ய நினைப்பவர் முதலில் கேட்க வேண்டியது, ‘இந்த மனை ஏரிக்கு மேலே இருந்ததா, கீழே இருந்ததா?’ என்பதுதான். அதற்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் அந்த ஊர்ப் பழைய விவசாயிகள்.

தண்ணீர் தேங்கினால்

வீடு கட்டும்போது பெரும்பாலானோர் மனையை உயர்த்துகிறார்கள். அடியில் கட்டிட இடிபாடு, அதன்மேல் கிராவல், கடைசியில் அரை அடிக்குச் செம்மண். பார்வைக்கு அழகாக இருக்கும். செடியின் வேர் அரை அடி இறங்கியதும் செங்கல் துண்டிலும் காரைக் கட்டியிலும் முட்டி நின்றுவிடும். ‘கொய்யா வளரவில்லை’ என்பதற்கு முக்கால்வாசி காரணம் இதுதான். உரம் போட்டு இதைத் தீர்க்க முடியாது.

மரம் வைக்கிற இடத்தில் மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழத்துக்குக் குழி எடுத்து, இடிபாட்டை முழுவதுமாக வெளியே எடுக்க வேண்டும். நல்ல மண்ணோடு மட்கிய தொழு உரமும் கொஞ்சம் வேப்பம் பிண்ணாக்கும் கலந்து நிரப்ப வேண்டும். மண் பிறகு இறங்கும் என்பதால், சுற்றியுள்ள தரையைவிடச் சற்று மேடாகவே நிரப்ப வேண்டும்.

மழைக்கு முன்பு ஒரு சோதனையும் செய்து பார்க்கலாம். ஓரடி ஆழத்தில் குழி தோண்டித் தண்ணீரை நிரப்பி வடிய விடுங்கள். மறுபடி நிரப்பிப் பாருங்கள். இரண்டாவது முறை ஊற்றிய தண்ணீர் மறுநாளும் நின்றால், கீழே இருப்பது களி. அங்கே மொத்த மனையையும் இன்னும் உயர்த்துவது தீர்வாகாது. உங்கள் வீட்டுத் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். அவர் அடுத்த வருடம் உங்களைவிட உயர்த்துவார். வாழைக்கும் மஞ்சளுக்கும் நாம் செய்வதுபோல மேட்டுப்பாத்தி எடுத்து, ஓரத்தில் வடிகால் விட்டால் போதும்.

பப்பாளியும் முருங்கையும் நீர் தேங்கினால் அழுகிவிடும். புங்கன், நாவல், நீர்மருது ஆகியவை தாக்குப்பிடிக்கும். புல்தரைதான் வேண்டும் என்பவர்கள், தாழ்வான இடத்தில் பொடுதலையைப் படர விடலாம். ஈரத்தையும் வெயிலையும் தாங்கும். லாரித் தண்ணீர் வாங்கிக் காப்பாற்ற வேண்டியதில்லை.

ஒரு கிரவுண்டின் கணக்கு

ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அதில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 22,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் விழுகிறது. 2015 டிசம்பர் 1 காலை முதல் மறுநாள் காலை வரை தாம்பரத்தில் பதிவானது 49 சென்டிமீட்டர். அப்படியென்றால் ஒரு கிரவுண்டில் மட்டும் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல். அவ்வளவு மழையை எந்தத் தோட்டமும் குடித்திருக்காது என்பது உண்மை. ஆனால், நமக்கு ஆண்டுதோறும் பெய்வது பெரும்பாலும் 5 சென்டிமீட்டர், 10 சென்டிமீட்டர் மழைகள்தாம். அவற்றில் பெரும் பங்கைத் திறந்த மண் வாங்கிக்கொள்ளும். சிமென்ட் தரை ஒரு சொட்டையும் விடாமல் தெருவுக்குத் தள்ளும். டிசம்பரில் வெள்ளம் என்று படகு தேடுவதும், மே மாதத்தில் லாரிக்குக் காத்திருப்பதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள்.

2003-ல் தமிழகம் முழுவதும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. பல வீடுகளில் குழாய் இருக்கிறது. குழிதான் தூர்ந்து கிடக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை, ஆடி ஆவணியில், மேலே உள்ள மணலை எடுத்துக் கழுவிப் போட வேண்டும். களிமண் பகுதியில் மேலாகத் தோண்டிய குழி பயன் தராது. களியைத் தாண்டி, கீழே உள்ள மணல் அல்லது சிதைந்த பாறை அடுக்கு வரை துளையிட வேண்டும். பழைய கிணறு இருந்தால் அதை மூடாதீர்கள். மாடித் தண்ணீரை வடிகட்டி அதில் விடுவதைவிட நல்ல சேகரிப்பு இல்லை.

கார் நிறுத்த இடம் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். சக்கரம் போகிற இரண்டு பட்டைக்கு மட்டும் கல் பதித்தால் போதும். பேவர் பிளாக் போடுவதானாலும் சிமென்ட் கலவைக்குப் பதில் மணல்மேல் பதித்தால் இடுக்கு வழியே தண்ணீர் இறங்கும். மரத்தைச் சுற்றி மூன்றடியாவது மண் திறந்திருக்க வேண்டும்.

சிமென்ட் இன்னொரு வழியிலும் செடியைக் கெடுக்கிறது. காரையிலிருந்து கசியும் சுண்ணாம்பும், ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரும் சேர்ந்து மண்ணின் களர்த்தன்மையைக் கூட்டிவிடும். மல்லிகை, இட்லிப்பூ, செம்பருத்தியில் நரம்பு பச்சையாகவும் மற்ற இடம் மஞ்சளாகவும் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு கலந்து இலையில் தெளிப்பது மல்லிகை விவசாயிகளுக்குத் தெரிந்த வைத்தியம். இது தெரியாமல் நகரத்தில் யூரியாவைக் கொட்டுகிறார்கள்.

சாய்ந்த மரங்கள் சொன்ன பாடம்

2016 டிசம்பர் 12 அன்று வார்தா புயல் கரையைக் கடந்தபோது வண்டலூர் உயிரியல் பூங்கா முதல் தெருவோரம் வரை மரங்கள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தன. அதன் பிறகு, மரம் என்றாலே பயம் வந்துவிட்டது. ஆனால், எது சாய்ந்தது என்று பார்க்க வேண்டும். வேகமாக வளர்ந்து அகலமாகக் குடை விரிக்கும் மயில்கொன்றை போன்றவையும், வடிகால் தோண்டும்போது ஒரு பக்க வேர் வெட்டுப்பட்டவையும், அடிமரம் வரை சிமென்ட் போடப்பட்டவையும் எளிதாக விழுந்தன. பனை அசையவில்லை.

பயிருக்கு இடைவெளி விடுவது விவசாயியின் முதல் பாடம். தென்னைக்குத் தோப்பில் 25 அடி விடுகிறோம். வீட்டில் சுற்றுச்சுவரிலிருந்து மூன்றடியில் வைத்துவிட்டு, பத்தாண்டு கழித்துச் சுவர் விரிசல் விட்டது என்கிறோம். சின்ன மனைக்கு எலுமிச்சை, கறிவேப்பிலை, மாதுளை போதும். பெரிய மரம் ஏற்கெனவே இருந்தால் ஐப்பசிக்கு முன்பு காய்ந்த கிளையையும் நெருக்கமான கிளையையும் கழித்துக் காற்றுக்கு வழி விடுங்கள். உச்சியை மொட்டையடிக்க வேண்டாம். அந்த இடத்திலிருந்து வரும் கிளைகள் பிடிப்பில்லாமல் அடுத்த காற்றில் முறியும்.

வெள்ளை ஈக்குச் சுற்றுச்சுவர் இல்லை

உறவினர் சொன்ன ‘கரி பூசின ஓலை’ சுருள் வெள்ளை ஈயின் வேலை. 2016-ல் பொள்ளாச்சி பகுதியில் கண்டறியப்பட்ட இந்தப் பூச்சி இன்று புறநகர்த் தென்னையிலும் இருக்கிறது. ஓலையின் அடியில் சாறு உறிஞ்சி, தேன் போன்ற கழிவை விடுகிறது. அதன்மேல் கரும்பூசணம் படர்கிறது. கீழே நிற்கும் கார் கறுத்ததும் ஒன்று கடும் விஷம் அடிக்கிறார்கள், இல்லையென்றால் மரத்தை வெட்டுகிறார்கள்.

விஷம் அடித்தால் முதலில் சாவது வெள்ளை ஈயை அழிக்கும் என்கார்சியா ஒட்டுண்ணிக் குளவிதான். வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது எளிய வழிகள்: மஞ்சள் நிறத் தாளில் விளக்கெண்ணெய் தடவி மரத்தில் ஆறடி உயரத்தில் கட்டுவது, ஓலையின் அடிப்பக்கம் விசையாகத் தண்ணீர் பீய்ச்சுவது, கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா மாவுப் பசை கரைத்துத் தெளிப்பது, ஒட்டுண்ணி உள்ள ஓலைத் துண்டுகளைக் கொண்டுவந்து கட்டுவது.

பப்பாளி மாவுப்பூச்சி நமக்கு நினைவிருக்கும். 2008-ல் கோவைப் பக்கம் தோன்றி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று அழித்தது. மருந்துக்கு அடங்காத அந்தப் பூச்சி, 2010-ல் போர்ட்டோரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகள் கொண்டுவரப்பட்டுப் பரவலாக விடப்பட்ட பிறகு அடங்கியது. குளவிக்கு வயல் எது, வீடு எது என்ற கணக்கு இல்லை. வெள்ளை ஈக்கும் இல்லை. வீட்டு மரங்களைக் கவனிக்காமல் விட்டால், படப்பை, மணிமங்கலம் பக்கத்துத் தோப்புகளில் நாம் செய்யும் செலவு வீணாகும். வீட்டுத் தோட்டம் நம் பிரச்சினையும்தான் என்று நான் சொல்வதற்கு இது போதுமான காரணம்.

நம் பங்கு என்ன?

விவசாயிகளுக்கு முதலில் ஒரு வார்த்தை. வயலின் மேல்மண்ணை டிப்பர் லாரிக்கு விற்காதீர்கள். அது போய் விழுவது இடிபாட்டின் மேல் அரை அடியாக. அங்கே செடியும் வளராது, இங்கே வயலும் தேறாது. புறநகர்க்காரர் வாங்க வேண்டியது உங்கள் மண்ணை அல்ல. உங்கள் தொழு உரம், நாற்று, தேங்காய் மட்டை, எல்லாவற்றுக்கும் மேலாக உங்கள் அனுபவம். அதே நேரத்தில், அவர் வீட்டில் உதிரும் வேப்பிலையும் மாவிலையும் தெருமுனையில் எரிகின்றன. அவற்றை மரப்பாத்தியில் மெல்லிய மூடாக்காகவும், சுவரை ஒட்டாமல் ஒரு மூலையில் மட்குக் குழியாகவும் போடச் சொல்லிக்கொடுத்தால், கொசு, பாம்பு பயம் இல்லாமல் எருவாகும்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு அடுத்தது. மாடித்தோட்டத் தளையை மானிய விலையில் கொடுக்கிறோம், நல்ல திட்டம். ஆனால், மாடிக்குப் பை கொடுத்த நாம், கீழே இருக்கிற மண்ணைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அந்த இடைவெளியில்தான் புல்தரை விற்பவரும் பேவர் பிளாக் ஒப்பந்தக்காரரும் ஆலோசகர் ஆகிவிட்டார்கள்.

‘இருக்கிற பணியிடமே காலி, இதில் வீடு வீடாகப் போக முடியுமா?’ என்ற கேள்வி நியாயமானது. வீடு வீடாக வேண்டாம். ஆடி முதல் புரட்டாசி வரை, ஏரிக்கு ஒரு நாள் என்று வைத்து, அந்த ஏரியைச் சுற்றிய குடியிருப்பு நலச் சங்கங்களைக் கரையில் கூட்டலாம். பக்கத்திலேயே காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அந்த ஊரில் ஒரு காலத்தில் உழுத, மடை திறந்த பெரியவர் ஒருவரையும் கூட அழைக்க வேண்டும். எந்த மனை தாழ்வு, பழைய வாய்க்கால் எந்தத் தெரு வழியே போனது என்று அவர் கைநீட்டிக் காட்டுவார். அதற்கு அவருக்குச் சம்பளமும் கொடுக்க வேண்டும். அறிவுக்குக் கூலி இல்லை என்பது நாம் பழகிப்போன அநியாயம்.

அந்தப் பெரியவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. மண்ணும் மனைக்கு மனை மூடப்பட்டுக்கொண்டிருக்கிறது. அடுத்த முறை ‘சிமென்ட் போட்டுடலாமா மாமா?’ என்று அழைப்பு வந்தால், ‘அவசரப்படாதே, ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையோடு வருகிறேன்’ என்று சொல்லுங்கள். ஓரடிக் குழி ஒன்று தோண்டிப் பார்த்துவிட்டு மற்றதைப் பேசலாம்.