டிஸ்க் சாகல, வழிதான் மூடியிருக்கு

புது எம்.2 எஸ்எஸ்டி பூட்டினதும் பழைய ஹார்ட் டிஸ்க் காணாமப் போனா, ‘டிஸ்க் செத்துப்போச்சு’ என்ற தீர்ப்பை நாங்கள் ஏற்கமாட்டோம். அதில் இருப்பது எங்கள் ஆய்வுக்கட்டுரை, உம்மா வாப்பாட கலியாணப் படம்.

பல மதர்போர்டுகளில் எம்.2 இடமும் ஓரிரு சாட்டா போர்ட்டும் ஒரே பாதையைப் பங்கிடுகின்றன. எம்.2 ஓடினால் அந்த போர்ட் அணையும். கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் பெரும்பாலும் டிஸ்க் திரும்பி வரும். செலவு பூச்சியம்.

பங்கிடுவது குற்றமில்லை. ‘6 சாட்டா, 2 எம்.2’ என்று பெட்டியில் பெரிதாக அச்சடித்துவிட்டு, எல்லாம் ஒன்றாக ஓடாது என்பதை ஆங்கிலக் கையேட்டின் அடிக்குறிப்பில் ஒளிப்பதுதான் குற்றம். அட்டாளைச்சேனையிலிருந்து கல்முனைக்கு பஸ் ஏறி, சேர்த்த காசில் வாங்குகிறவனுக்கு அடிக்குறிப்பு யார் காட்டுவது?

கடைக்காரக் காக்காமாரே, விற்க முதல் போர்ட் மாடலைக் கேளுங்க. எந்த போர்ட் அணையும் என்று தமிழில எழுதிக் கொடுங்க.